பதினால்வரும் ஒரு தோளும்

1930 டிசம்பர் 6. டொராண்டோவில் கனடிய ஃபுட்பாலின் கிரே கோப்பை இறுதியாட்டம். தோளில் பலத்த காயத்தோடு இருந்த டெட் ரீவ், ஆட்டம் முடியும் தறுவாயில் ரெஜைனா அணியின் உதையைப் பாய்ந்து மறித்தார். அவருடைய பால்மி பீச் அணி 11–6 என்று வென்றது. 1927-லும் அதே அணிக்காகக் கோப்பை வென்றவர் அவர். லக்ராஸிலும் மான் கோப்பை கண்டவர். ஆனால், கதையாக நிலைத்தது அந்தத் தோள்தான்.

அந்தப் பெயரோடுதான் 1933-ல் கிங்ஸ்டன் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராகப் போனார். ஆறு பருவங்களில், பல்கலைக்கழக அணிகளுக்கான யேட்ஸ் கோப்பை மூன்று முறை: 1934, 1935, 1937. இவற்றில் 1934 அணியை 'அஞ்சாத பதினால்வர்' என்றே இன்றும் சொல்கிறார்கள்.

களத்தில் 12 பேர் நிற்க வேண்டிய ஆட்டம் இது. அணியில் மொத்தமே பதினான்கு பேர் என்றால் என்ன அர்த்தம்? தாக்குதலுக்கு ஒரு கூட்டம், தடுப்புக்கு வேறொரு கூட்டம் என்று ஆள் மாற்றுகிற காலமும் அல்ல அது. பந்து யார் கையில் இருந்தாலும் அதே உடம்புகள்தான் மோத வேண்டும். முட்டி வீங்கினாலும் தலை கிறுகிறுத்தாலும், "நான் கொஞ்சம் உட்காருகிறேன்" என்று எந்த மாணவனுக்கு வாய் வரும்? அதுவும் எல்லைக்கோட்டில் நிற்பவர் டெட் ரீவ் என்னும்போது! அவர் யாரையும் வற்புறுத்தினார் என்று நான் சொல்லவில்லை. வற்புறுத்தத் தேவையே இருந்திருக்காது.

வேடிக்கை என்னவென்றால், இப்படிப்பட்டவருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் 'புலம்பல்காரர்'. 'டொராண்டோ டெலிகிராம்' நாளிதழில் பல்லாண்டு பத்தி எழுதினார். நடுநடுவே பாட்டும் கட்டுவார். 1963-ல் கனடிய ஃபுட்பால் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தார்.

அடிபட்டும் ஆடுகிற அந்த நெஞ்சுரம் இல்லாமல் விளையாட்டு ஏது என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். எனக்கு உறுத்துவது வேறு. உடைந்த எலும்பு கூடிவிடும்; மூளை அப்படியல்ல. திரும்பத் திரும்பத் தலையில் விழும் அடி, பல ஆண்டுகள் கழித்து நினைவையும் குணத்தையும் அரிக்கும் நோயாக மாறக்கூடும். சி.டி.இ. என்கிறார்கள். அமெரிக்க ஃபுட்பால் வீரர் ஒருவரிடம் அது இருந்ததாக மருத்துவ இதழில் கட்டுரை வந்ததே 2005-ல்தான். பதினால்வர் ஆடி எழுபதாண்டுகள் கடந்த பிறகு. உயிரோடு இருக்கும்வரை அதை உறுதிசெய்ய இன்றும் வழியில்லை. இறந்தபின் மூளையை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.