வேர்முடிச்சு நுண்ணுயிரைப் பிரித்தறிதல்

உளுந்து, நிலக்கடலை முதலியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபிய வகை நுண்ணுயிர்கள், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கித் தருவன. 1888-ம் வருஷத்தில் ஹாலந்து தேசத்துப் பெய்ஜெரிங்க் என்பார் இவ்வகை உயிரை முதன்முதல் தனியே பிரித்தெடுத்தார்.

உள்ளே செந்நிறமுள்ள முடிச்சே நன்கு தொழில் செய்வதாகும். அதைக் கழுவி, கிருமிநாசினியில் தோய்த்து, கிருமி நீக்கிய நீரில் பலமுறை அலசி நசுக்கி, காங்கோ சிவப்புச் சாயம் கலந்த அகார் கூழின்மேல் தீற்றுதல் வேண்டும். ரைசோபியம் பெரும்பாலும் சாயமேற்காது வெண்மையாய் வளரும். பிற உயிர்கள் பல சிவக்கும்.

எனினும் நிறத்தை மட்டும் நம்பலாகாது. கிருமி நீக்கிய மணலில் அதே பயிரின் விதையை ஊன்றி, இவ்வுயிரைச் சேர்த்துப் பார்த்தல் அவசியம். சேர்த்த செடியில் முடிச்சு உண்டாகி, சேர்க்காத செடியில் உண்டாகாதிருப்பின் துணியலாம். இச்சோதனையின்றி விதைக்கு ஏற்றிய உயிர் வேறாயிருப்பின், குடியானவரின் பொருளும் பருவமும் வீணாகும்.