காத்திருந்தால் கடினமாகும் அலுமினியம்

அலுமினியத்தின் எடை எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் தூய அலுமினியம் மென்மையானது. அதைக்கொண்டு விமானம் கட்டியது எப்படி?

1906இல் ஜெர்மானிய ஆய்வாளர் அல்ஃபிரட் வில்ம், அலுமினியத்துடன் சுமார் 4 விழுக்காடு செம்பும் சிறிது மெக்னீசியமும் கலந்து, சூடாக்கி, சட்டெனக் குளிர்வித்தார். முதல் சோதனையில் பெரிய பலனில்லை. சில நாள் கழித்து அதே துண்டைச் சோதித்தார், கடினம் கூடியிருந்தது! அதுவே ‘டூராலுமின்’.

காரணம் என்ன? சட்டெனக் குளிரும்போது உள்ளே சிக்கிய செம்பு அணுக்கள் மெல்லத் திரண்டு, நுண்ணிய திட்டுகளாகின்றன. அவை அணு அடுக்குகளை வழுக்கவிடாமல் தடுக்கின்றன. 1938இல் கினியே, பிரெஸ்டன் இருவரும் தனித்தனியே எக்ஸ்ரே மூலம் இதைக் கண்டறிந்தனர்.

என்ன கலக்கிறோம் என்பது பாதி வேலைதான், அன்பர்களே. எப்படிச் சூடாக்கி, எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதே மறுபாதி. வில்ம் அன்றே அத்துண்டை வீசியெறிந்திருந்தால்?