உவமையில் உளறியது மாணவர்களா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

"அவள் கண்ணீர், வாஷர் தேய்ந்த குழாய் மாதிரி சொட்டியது. ஆனால் அது குழாய் அல்ல, கண்!"

பரீட்சைத் தாளில் இப்படி ஒரு வரி வந்தால் வாத்தியார் என்ன செய்வார்? தலையில் அடித்துக்கொள்வார்!

இதே ரகக் கோணங்கி உவமைகளின் பட்டியல் ஒன்று அமெரிக்காவில் பல வருஷமாக ஈ-மெயிலில் சுற்றி வருகிறது. "பள்ளி மாணவர்கள் கட்டுரையில் எழுதியவை" என்று தலைப்பு வேறு! படித்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு நாலு வரி எழுதத் துப்பில்லே" என்று அர்ச்சனையும் நடந்தது.

குட்டு உடைந்தது!

உண்மையில் அவற்றில் பலவற்றை எழுதியவர்கள் மாணவர்களே அல்ல! 1995-ல் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் ஒரு நகைச்சுவைப் போட்டி வைத்தது. "படு மட்டமான உவமை எழுதுங்கள்" என்பதுதான் போட்டி. வாசகர்கள் வேண்டுமென்றே கிறுக்கித் தள்ளினார்கள். சிறந்தவை எழுதியவர் பெயரோடு அச்சாயின.

பட்டியல் கைமாறக் கைமாற, போட்டி விவரம் போச்சு, பெயர்களும் போச்சு. பழி மட்டும் பையன்கள் தலையில்!

கெட்டிக்காரன் வேலை

மோசமாக எழுதவும் போட்டி உண்டு என்பது அங்கே புதிதல்ல. மட்டமான நாவலுக்கு முதல் வாக்கியம் எழுதும் போட்டியை 1982-ல் பேராசிரியர் ஸ்காட் ரைஸ் கலிபோர்னியாவில் தொடங்கினார்.

எழுதத் தெரியாத பையன் "நிலா போல முகம்" என்று பழைய உவமையைத்தான் பிடிப்பான். சிரிக்கிற மாதிரி கோணலாக எழுத, நேராக எழுதத் தெரிந்திருக்க வேண்டும்!

அடுத்த தடவை "மாணவர் உளறல்" என்று யாராவது காட்டினால், சிரிக்கலாம். பையனைத் திட்டுமுன், எழுதியது யார் என்று கேளுங்கள்!