ஒன்பது இலைப் பந்தி

"எங்கே நிலநடுக்கம் வந்தாலும் மறுநாளே உலகம் முழுக்க நிவாரண விமானங்கள் கிளம்பிவிடுகின்றன. ஆனால் நாலு நாள் கழித்தும் கிராமத்துக்கு ஒரு தார்ப்பாய்கூட வரவில்லை என்று மக்கள் டிவியில் அழுகிறார்கள். இடையில் அந்தச் சரக்கெல்லாம் எங்கே போகிறது?" என்று கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர்.

ஊழல், மெத்தனம், அரசியல் என்று டீக்கடையில் சட்டென்று கிடைக்கும் பதில்கள் உண்டு. அவற்றில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் அதிகாரிகள் அத்தனை பேரும் உத்தமர்களாக இருந்தாலும் சரக்கு தேங்கத்தான் செய்யும். அதற்குக் காரணம் ஒரு கணக்கு. புவித்தட்டுகள் உரசுவதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்டதால் அதை விட்டுவிட்டு நேரே காட்மாண்டுக்குப் போய்விடலாம்.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. நண்பகலுக்குச் சற்று முன்பு நேபாளத்தின் கோர்க்கா பகுதியில் 7.8 அளவு நிலநடுக்கம். ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். மலைநாடான நேபாளத்துக்குக் கடல் இல்லை, துறைமுகம் இல்லை. அப்போது இருந்த சர்வதேச விமான நிலையம் காட்மாண்டுவின் திரிபுவன் ஒன்றுதான். அதற்கும் ஒரே ஓடுபாதை, சுமார் 3 கிலோமீட்டர் நீளம். நிலநடுக்கத்துக்கு ஏழு வாரம் முன்பு, மார்ச் 4 அன்று, பனிமூட்டத்தில் தரையிறங்கிய துருக்கி விமானம் ஒன்று ஓடுபாதையிலிருந்து சறுக்கி நின்றபோது, நாட்டின் சர்வதேசப் போக்குவரத்தே நான்கு நாட்கள் முடங்கிப் போனது. யாராவது ஒத்திகை பார்க்க நினைத்திருந்தால் இதைவிட நல்ல ஒத்திகை கிடைத்திருக்காது.

நிலநடுக்கத்தில் அந்த ஓடுபாதை தப்பித்தது. இந்தியா அன்று மாலையே 'ஆபரேஷன் மைத்ரி'யைத் தொடங்கி விமானங்களை அனுப்பியது. அடுத்தடுத்த நாட்களில் பல நாட்டு விமானங்கள் மொய்த்தன. ஊரைவிட்டு ஓட நினைத்த சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்ல வந்த பயணிகள் விமானங்கள் வேறு. அவ்வளவுக்கும் சேர்த்துப் பெரிய விமானங்கள் நிற்பதற்கு இருந்த இடம் ஒன்பது.

இதைப் புரிந்துகொள்ள விமானவியல் வேண்டாம். கல்யாணச் சாப்பாடு போதும். ஒன்பது இலை போட்ட பந்தி. வெளியே ஐந்நூறு பேர். சமையல்கட்டில் எத்தனை அண்டா சோறு வடித்தாலும், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் சாப்பிட முடியும் என்பதைத் தீர்மானிப்பது இரண்டே எண்கள்: எத்தனை இலை, ஓர் ஆள் எவ்வளவு நேரம் உட்காருகிறார். பாயசம் முடிந்த பிறகும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சம்பந்தி வீட்டு விவகாரம் பேசும் பெரியப்பா இருக்கிறாரே, அவர்தான் சரக்கு இறக்க ஆளும் ஃபோர்க்லிஃப்ட்டும் கிடைக்காமல் நிற்கும் விமானம். இலையெடுத்து மேசையைத் துடைக்கும் பையன்தான் தரைப் பணியாளர். கூட்டத்தோடு வந்து முதல் வரிசையைப் பிடித்துக்கொள்ளும் வட்டச் செயலாளர், பார்வையிட வரும் தலைவர்களின் தனி விமானம். போயிங் 747 சரக்கு விமானமோ, நாற்காலியில் உட்கார்ந்தும் இலை எட்டாத குழந்தை. அதன் சரக்குத் தளம் தரையிலிருந்து சுமார் 5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தனி ஏற்றி இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கூடாரத்தை அண்ணாந்து பார்க்கத்தான் முடியும். இன்னும் ஒரு படி இழுக்கலாம். பந்திக்கு வெளியே காத்திருப்பவர் ஓரிடத்தில் நிற்கக் கூடாது, மண்டபத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் விழுந்துவிடுவார், ஓடிக் களைத்தால் பசியோடு வீடு திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அவர்தான் வானத்தில் வட்டமடிக்கும் விமானம். காட்மாண்டுவில் இந்திய விமானப்படை விமானங்கள் உட்படப் பல அப்படித்தான் இறங்காமலே திரும்பின. உவமையை இதற்கு மேல் சாய்த்தால் ரசம் சிந்திவிடும்.

கணக்கைப் பார்ப்போம். ஒன்பது இடங்களிலும் ஒவ்வொரு விமானமும் 6 மணி நேரம் நின்றால், ஒரு நாளில் 36 விமானங்களுக்கு வழி உண்டு. அதையே 2 மணி நேரமாகக் குறைத்தால் 108. ஒரு சதுர அடி கான்கிரீட்கூடப் போடாமல் விமான நிலையம் மூன்று மடங்காகிவிட்டது.

நேரத்தைக் குறைப்பது எங்கே நடக்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். ராணுவச் சரக்கு விமானத்தில் பெட்டிகள் தனித்தனியாக வருவதில்லை. பேலட் எனப்படும் உலோகத் தட்டில் அடுக்கி, வலை போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஒரு தட்டில் நாலரை டன் வரை ஏற்றலாம். சி-17 விமானம் அப்படி 18 தட்டுகளைச் சுமக்கும். அதன் தரையில் உருளைகள் இருப்பதால் பின்கதவைத் திறந்து தட்டைத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வரும். கீழே வாங்கிக்கொள்ள பொருத்தமான வண்டி இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். வண்டி இல்லையென்றால் வலையை அவிழ்த்து, ஒவ்வொரு மூட்டையாகத் தோளில் சுமந்து இறக்க வேண்டும். பின்னால் வரிசையில் நிற்கும் அத்தனை விமானங்களும் அந்தத் தோள்களுக்காகக் காத்திருக்கின்றன.

இதுவரை சொன்னது வெறும் வகுத்தல் கணக்கு. வேடிக்கை இனிமேல்தான்.

ஓர் ஓடுபாதையை ஒரு விமானம் சராசரியாக 5 நிமிடம் பிடித்துக்கொள்கிறது என்று வைப்போம். ஆக, மணிக்கு 12 விமானம். மணிக்கு 11 விமானம் வந்தால் கவலை இல்லை, ஓடுபாதைக்குக் கொஞ்சம் ஓய்வுகூடக் கிடைக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தவறு. விமானங்கள் நேரம் சொல்லி வராமல் முன்பின்னாக வந்தால், வரிசைக் கணக்கின் மிக எளிய மாதிரியே வேறு கதை சொல்கிறது. ஓடுபாதை பாதி நேரம் வேலையில் இருந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். 80 சதவீதம் என்றால் 20 நிமிடம். 90 என்றால் 45 நிமிடம். 95 சதவீதத்தைத் தொட்டால் 95 நிமிடம். 90-க்கும் 95-க்கும் இடையில் வேலை கூடியது ஒரு சிட்டிகை. காத்திருப்போ இரட்டிப்புக்கு மேல். 100-ஐ நெருங்க நெருங்க வரிசைக்கு முடிவே கிடையாது.

ஏன் இப்படி? காலையில் பத்து நிமிடம் யாரும் வராமல் ஓடுபாதை சும்மா கிடந்தால், அந்தப் பத்து நிமிடத்தை எடுத்து வைத்து மாலையில் நாலு விமானம் ஒன்றாக வரும்போது செலவழிக்க முடியாது. காலி நேரம் சேமிப்பில் சேராது. நெரிசல் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். திறன் நிறைய மிச்சம் இருக்கும்போது நெரிசல் தானாகக் கரையும். மிச்சம் குறையக் குறைய, ஒரு மணிக்கு உண்டான தாமதம் ஆறு மணி வரை கூடவே வரும். அதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். "இன்னும் பத்து விமானம் அனுப்புகிறோம்" என்று உற்சாகமாக அறிவிக்கப்படுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. இந்தக் கணக்கின் மூலவர் டென்மார்க்கின் ஏ.கே. எர்லாங், 1909-இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்துக்காக, எத்தனை இணைப்புகள் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டவர். வரிசையில் இருப்போர் எண்ணிக்கை, வரும் வேகத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது என்று 1961-இல் நிரூபித்தவர் அமெரிக்கர் ஜான் லிட்டில். அவ்வளவுதான்.

சூத்திரத்தை வைத்துக் குணப்படுத்தவும் முடியும்: வருகையில் உள்ள முன்பின்னை ஒழித்துவிட வேண்டும். அதை நடத்திக் காட்டிய இடம் நிலநடுக்க ஊர் அல்ல, சோவியத் தடைக்குள் சிக்கிய பெர்லின். 1948 ஆகஸ்ட் 13 அன்று மேகம் தாழ்ந்திருக்க, டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்தில் ஒரு விமானம் ஓடுபாதையைத் தாண்டி எரிந்தது. அடுத்தடுத்தும் விபத்துகள். மேலே அடுக்கடுக்காக விமானங்கள் வட்டமடித்தன. அவற்றில் ஒன்றுக்குள் இருந்தவர், தடையை மீறிப் பெர்லினுக்கு வான்வழியே சரக்கு கொண்டுபோன நடவடிக்கையின் தளபதி வில்லியம் டன்னர். வெறுத்துப்போனவர், வானில் நின்ற அத்தனையையும் வீட்டுக்குத் திரும்பச் சொன்னார். அதன் பிறகு வந்த விதி எளிமையானது: முதல் முயற்சியில் இறங்க முடியாவிட்டால் சரக்கோடு புறப்பட்ட இடத்துக்கே திரும்பு, வட்டமடிக்காதே. நிலக்கரியைச் சுமந்துகொண்டு திரும்புவது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் 1949 ஏப்ரலில் 24 மணி நேரத்தில் 1,398 விமானப் பயணங்களில் 12,941 டன் வந்து இறங்கியது.

2010 ஜனவரி 12 ஹைட்டி நிலநடுக்கத்தில் இதே பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. தலைநகரின் துறைமுகத் தளம் கடலுக்குள் சரிந்துவிட்டது. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பயன்படாமல் போனது. இருந்த ஒற்றை ஓடுபாதைக்குப் பக்கத்தில் இணைப்பாதை கிடையாது. இறங்கிய விமானம் கடைசிவரை போய்த் திரும்பி, அதே ஓடுபாதையில் ஊர்ந்து வர வேண்டும். அதுவரை அடுத்தது இறங்க முடியாது. நிரப்பிக்கொள்ள எரிபொருளும் இல்லை. அமெரிக்க விமானப்படையின் கட்டுப்பாட்டாளர்கள் சிலர் புல்வெளியில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு, ரேடியோவை வைத்துக்கொண்டு, ஒரு நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களை ஏற்றி இறக்கினார்கள். வரும் நேரத்தை முன்கூட்டி ஒதுக்கியதுதான் பெரிய மாற்றம். அதற்கு விலையும் இருந்தது: எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனைப் பொருட்களோடு வந்த விமானம் திருப்பிவிடப்பட்டு, சரக்கு டொமினிக்கன் குடியரசிலிருந்து சாலை வழியே வர நேர்ந்தது. யாரை முதலில் விடுவது என்பதைச் சூத்திரம் சொல்வதில்லை.

சில சமயம் சூத்திரத்தில் இல்லாததும் வரும். 2004 சுமத்ரா நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பிறகு, 2005 ஜனவரி 4 அன்று பண்டா ஆச்சே ஓடுபாதையில் நிவாரணச் சரக்கு விமானம் ஒன்று கால்நடைகள் மீது மோதிச் சக்கரம் ஒடிந்து உட்கார்ந்துவிட்டது. பெரிய விமானங்களுக்குப் பல மணி நேரம் பாதை அடைபட்டது. காட்மாண்டுவிலோ பாரமே பகையானது. விரிசல் கண்ட ஓடுபாதையில், மே 3 அன்று, 196 டன்னுக்கு மேற்பட்ட விமானங்களுக்குத் தடை போட்டார்கள்.

விமான நிலையத்தைத் தாண்டிவிட்டால் முடிந்ததா என்றால், நெரிசல் அடுத்த வாசலுக்கு மாறுகிறது. சுங்கம், லாரி, மண்சரிவில் மூடிய மலைப்பாதை. அதற்கும் அப்பால் நேபாளத்தில் உலக உணவுத் திட்டம் ஆயிரக்கணக்கான சுமைதூக்கிகளையும் கோவேறு கழுதைகளையும் அமர்த்தியது. ஒரு சி-17 சுமக்கும் 77 டன்னை ஆளுக்கு 30 கிலோ வீதம் பிரித்தால் 2,500 முதுகுகளுக்கு மேல் தேவை. வேண்டாத சரக்கும் இதே வாசல்களில்தான் நுழைகிறது. சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் சாலையோரம் குவிந்த பழைய துணி மலைகளை நினைவிருப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஒவ்வொரு நிலநடுக்கத்துக்குப் பிறகும் ட்ரோன் வந்து எல்லாவற்றையும் மாற்றப்போகிறது என்று செய்தி வரும். சேதத்தைப் படமெடுக்க அது அருமையான கருவி. ஆனால் சில கிலோ சுமக்கும் ட்ரோனை வைத்து அந்த 77 டன்னை வகுத்துப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவு வரிசையைத் திறமையாக அடுக்கலாம், இலையைப் பத்தாக்காது. காட்மாண்டுவில் உண்மையில் கைகொடுத்தது யாரும் தலைப்புச் செய்தியாக்காத ஒன்று. விமான நிலையத்தை ஒட்டி, சரக்கைப் பிரித்து அடுக்குவதற்கென்றே பிரிட்டனின் நிதியில் உலக உணவுத் திட்டம் அமைத்த தளம் நிலநடுக்கத்துக்கு ஒரு மாதம் முன்புதான் தயாராகியிருந்தது. அது இல்லாமலிருந்தால், இறக்கிய சரக்கு விமானம் நிற்கும் இடத்திலேயே கிடந்து அதையும் அடைத்திருக்கும்.

நேபாளத்துக்கு இப்போது மேலும் இரண்டு சர்வதேச விமான நிலையங்கள் உண்டு: 2022-இல் பைரஹவா, 2023 ஜனவரியில் போக்ரா. திறப்பு விழாக்கள் தடபுடலாக நடந்தன. வழக்கமான சர்வதேசச் சேவை இன்றும் அங்கே சொற்பம். ஓடுபாதை இருக்கிறது. ஆனால் விமானம் அதிகம் வராத நிலையத்தில் சரக்கேற்றி வண்டிகளையும் அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களையும் யார் சம்பளம் கொடுத்து வைத்திருப்பார்கள் என்பது வேறு கணக்கு.