தூக்குவது கையன்று

‘பத்தே நிமிஷம், தொப்பை மறையும்’ என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் கெட்டில்பெல் என்னும் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை வாங்கலாமா என்றும், முன்பின் தேகப்பயிற்சி செய்தறியாத நாற்பது வயதுக்காரர் அதைத் தொடலாமா என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உடலில் ஓரிடத்துக் கொழுப்பை மட்டும் தேர்ந்தெடுத்துக் கரைக்கும் பயிற்சி எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லி விற்பது பொய். முதற் கேள்விக்கு அவ்வளவே விடை. இரண்டாவதற்கு விடை காண, அந்தக் குண்டு எவ்வாறு எழுகிறது என்று பார்க்க வேண்டும்.

கால்களை அகற்றி நின்று, இரு கைகளாலும் குண்டைப் பற்றித் தொடைகளின் இடையே பின்னுக்கு வீசி, பிறகு மார்பளவு உயரத்துக்கு முன்னே எழவிடுவதே இதன் அடிப்படைப் பயிற்சி. ஸ்விங் என்று அதற்குப் பெயர். கைகள் தூக்குவதாகக் கண்ணுக்குத் தோன்றும். அது வெறும் தோற்றமே. ஊஞ்சலில் குழந்தையை ஆட்டும் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு குழந்தை, கைகள் சங்கிலி, இடுப்பே தாய். சங்கிலி யாரையும் தள்ளுவதில்லை. பிடித்திருப்பதோடு அதன் கடமை முடிகிறது. தாயோ, ஊஞ்சல் தன்னிடம் வந்து திரும்பும் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருந்து தள்ளுகிறாள்; முந்தினால் வருகிற ஊஞ்சல் மோதும், பிந்தினால் கை காற்றைத் துழாவும். அதுபோலவே குண்டு பின்னால் போய்த் திரும்பும் கணத்தில், மடிந்திருந்த இடுப்பைப் பிருஷ்டத்தின் பெருந்தசைகள் வெடுக்கென்று நிமிர்த்த, குண்டு தானே பறந்தெழுகிறது. தாயின் கால் வழுக்கினால் ஊஞ்சல் கோணும். பாதங்கள் தரையில் ஊன்றியிருக்க வேண்டுவதும் அதனால்தான். குழந்தை வளர்ந்து கனத்துவிட்டால் பலம் கூட வேண்டியவள் தாயே.

ஆனால் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது, குண்டு எழுவதைக் காட்டிலும் அது இறங்குவதுதான். கிடைமட்டமாக நீட்டிய நிலையிலிருந்து ஊசல்போல் விழும் பொருள், அடிப்புள்ளியைக் கடக்கையில், தன் எடையைப்போல் மூன்று மடங்கு விசையோடு கையை இழுக்கிறது: ஒரு மடங்கு அதன் சொந்த எடை, மற்ற இரண்டு, விரையும் பொருளை வட்டத்தில் வளைத்து வைப்பதற்கான விலை. கை நீண்டதாயினும் குட்டையாயினும் இந்த மூன்று மாறுவதில்லை. நீளம் கூடும்போது வேகமும் கூடி, ஒன்றின் விளைவை மற்றொன்று சரிக்கட்டிவிடுகிறது. உடலும் உடன் குனிவதால் கணக்கு தோராயமே. எனினும் 16 கிலோ குண்டை வீசுபவர் ஒவ்வொரு வீச்சிலும் ஒரு கணம் ஏறக்குறைய 48 கிலோவைத் தாங்குகிறார் என்பது எத்தனை அழகான விஷயம்! தசைகளுக்குக் கிடைக்கும் பயிற்சியில் ஒரு பகுதி, இந்த விழும் பாரத்தைத் தடுத்து நிறுத்துவதில் அடங்கியிருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் தம் சகாவுடன் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அதே 16 கிலோ குண்டை வீசும்போது பிருஷ்டத் தசைகள் தம் உச்ச இயக்கத்தில் சுமார் 80 சதவீதமும், கீழ்முதுகுத் தசைகள் சுமார் 50 சதவீதமும் எட்டி, உடனே தளர்வது பதிவாகியிருக்கிறது.

சரித்திரம் வேண்டுவோருக்கு ஒரு வார்த்தை. ருஷ்யச் சந்தைகளில் தானியம் நிறுத்த எடைக்கல்லே இது; கீர்யா என்பார்கள். பூட் என்ற பழைய ருஷ்ய அளவு 16.38 கிலோ, குண்டுகள் இன்றும் 16, 24, 32 கிலோவாக வார்க்கப்படுவது அதன் எச்சம். பீட்டர்ஸ்பர்க் வைத்தியரான விளாதிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி 1885-இல் பளுப் பயிற்சிக்கென ஒரு வட்டம் அமைத்து இதைப் பரப்பினார். ‘ருஷ்ய ரகசியம்’ என்று விளம்பரம் செய்வோர் எந்த ரகசியத்தைச் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எடைக்கல்லில் மறைவாக ஏதும் இல்லை.

குண்டை எழுப்புவது இடுப்பே என்று கண்டோம்; ஆகையால் நாற்பது வயது ஒரு தடையன்று. இடுப்பை மடக்கத் தெரியாமல் முதுகை வளைப்பதே தடை. முதுகுவலியோ இரத்த அழுத்தமோ உள்ளவர் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர்கள், குண்டு வாங்குமுன், சுவருக்கு ஒரு சாண் முன்னால் முதுகு காட்டி நின்று, முதுகை நேராக வைத்து, முழங்காலைச் சற்றே தளர்த்தி, பிருஷ்டம் சுவரைத் தொடும்வரை இடுப்பில் மடிந்து நிமிருங்கள். அது பிசகாமல் வருகிற நாளில் கடைக்குப் போய், பெண்கள் 8 கிலோவும் ஆண்கள் 12 அல்லது 16 கிலோவும் வாங்கினால் போதும்.