விதைப்பூண்டைப் பச்சையில் பார்த்து வாங்குங்க

புரட்டாசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடுதான் வரும். "அண்ணே, வீட்டுத் தோட்டத்துல கொஞ்சம் பூண்டு போடலாம்னு இருக்கேன். நல்ல விதைப்பூண்டு எங்க கிடைக்கும்?" கத்தரி, வெண்டை, அவரை என்றால் விதைத் திருவிழாவுக்கு வாங்க என்று சொல்லிவிடலாம். பத்து ரகத்து விதையும் ஒரு சட்டைப் பையில் அடங்கிவிடும். பூண்டுக்கு அப்படி ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது. கேட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் வளர்க்கும் பூண்டு விதை கட்டுவதில்லை. நடுவது பல்லைத்தான். ஆகவே ஒவ்வொரு செடியும் தாய்ச்செடியின் அச்சு. நல்ல குணம் மாறாமல் வருவது போலவே தாயின் நோயும் மாறாமல் வரும். தக்காளியில், வெண்டையில் செடி நோய்ப்பட்டாலும் விதைக்குள் போகும்போது பெரும்பாலான வைரஸ்கள் வடிகட்டப்பட்டுவிடும். பூண்டில் அந்தச் சல்லடையே கிடையாது. போன வருஷம் செடிக்கு வந்தது இந்த வருஷம் பல்லுக்குள் உட்கார்ந்திருக்கும், அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்குதுங்க. நோய் இலையில் தெரியும், காய்ந்த பூண்டில் தெரியாது. வைரஸ் ஏறிய செடியின் தாளில் மஞ்சள் கோடுகள் நீளவாட்டில் ஓடும், செடி குட்டையாக நிற்கும். பிடுங்கிக் காயவைத்துத் தாள் சருகாகிவிட்டால் எல்லாம் ஒரே நிறம்தான். கடையில் குவித்து வைத்த பூண்டில் எது கோடு விழுந்த செடி, எது கொழித்து நின்ற செடி என்று வியாபாரிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. மேல்மலையில் பூண்டு போடும் ஒரு பாட்டி என்னிடம் சொன்னது: "பல்லப் பாத்து எடுக்காத சாமி, தாளப் பாத்து எடு." விதைப்பூண்டு பற்றி நான் கேட்டதில் இதைவிடச் சுருக்கமான பாடம் இல்லை.

அதனால் எந்தக் கடை என்று தேடுவதைவிட எந்த வயல் என்று தேடுங்கள். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பு, தாள் பச்சையாக இருக்கும்போது போய்ப் பார்த்த வயல்தான் நல்ல விதைக்கு முதல் இடம்.

அந்த வயல் நம் ஊரில் எங்கே இருக்கிறது? கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கிளாவரை என்று வரிசையாக ஊர்கள் இருக்கின்றன. கீழே வந்தால் வடகவுஞ்சி. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பக்கம் நீலகிரி. நீலகிரிப் பூண்டு மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு வருகிறது. அதை விதைக்கென்றே வாங்கிப்போக மத்தியப் பிரதேசம், குஜராத் பக்கமிருந்தெல்லாம் வியாபாரிகள் வருகிறார்கள். அத்தனை தூரத்திலிருந்து வந்து அவர்கள் விதைக்கு எடுக்கும் சரக்கு நமக்குப் பேருந்து ஏறினால் கிடைக்கும் தூரத்தில் இருக்கிறது. நாமோ மளிகைக்கடையில் வடநாட்டுப் பூண்டு வாங்கிப் பல் பிரித்துத் தொட்டியில் ஊன்றிக்கொண்டிருக்கிறோம்!

வடநாட்டுப் பூண்டு என்றால் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அது பழகிய வெளிச்சம் வேறு. பூண்டு திரண்டு பல்லாகப் பிரிவதற்கு இரண்டு சங்கதி வேண்டும். ஒன்று, சில வாரங்கள் குளிர். இன்னொன்று, அந்த ரகத்துக்குத் தேவையான பகல் நீளம். இமாச்சலத்தில் ஜூன் மாதப் பகல் 14 மணி நேரத்தைத் தாண்டும். தமிழ்நாட்டில் எந்த ஊரிலும், எந்த மாதத்திலும் பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. நீண்ட பகலுக்குப் பழகிய பெரிய பல் பூண்டை இங்கே ஊன்றினால் தாள் அழகாக வரும், அடியில் வெங்காயத்தாள் மாதிரி ஒரு தண்டுதான் இருக்கும். சந்தையில் 'மலைப்பூண்டு' என்ற பெயரில் இமாச்சலப் பூண்டும் விற்கிறது. இமாச்சலமும் மலைதானே, பொய் என்று சொல்லிவிட முடியாது! ஆகவே மலைப்பூண்டா என்று கேட்காதீர்கள். எந்த மலை, எந்த ஊர், எந்த மாதம் பிடுங்கியது என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வராத சரக்கு குழம்புக்கு ஆகும், விதைக்கு ஆகாது.

சமவெளியில் இருப்பவர்கள் ஆசையைக் கொஞ்சம் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் இருப்பது பெரியகுளம் பக்கம். மார்கழி, தை மாத ராத்திரிக் குளிர்தான் எங்களுக்குக் கிடைக்கும் மொத்தக் குளிர். இங்கே மலை அளவுக்குப் பூண்டு திரளாது. பாதிச் செடி எலுமிச்சையில் பாதி அளவுக்குத் திரளும். மீதி பல் பிரியாமல் ஒற்றைப்பல்லாக நிற்கும். ஒற்றைப்பல் வந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை. போதிய குளிர் கிடைக்காத, சின்னப் பல்லிலிருந்து வந்த செடி அப்படித்தான் நிற்கும். அதையே அடுத்த பட்டத்தில் ஊன்றினால் பெரும்பாலும் பல் பிரிந்த பூண்டாக வரும். அதுவும் இல்லையென்றால் பூண்டுத்தாள் இருக்கிறது. துவையலுக்கும் ரசத்துக்கும் அதற்கு ஈடு கிடையாது. சமவெளியில் தாளை வரவாகவும் பூண்டை உபரியாகவும் எண்ணிக்கொண்டு போடுங்கள்.

நமக்கு ஐப்பசிக் கடைசியில் ஊன்ற வேண்டும். பிடுங்கிய பூண்டு உடனே முளைக்காது, இரண்டு மூன்று மாதம் தூங்கும். கணக்குப் போட்டால் ஆடி, ஆவணியில் மலையில் பிடுங்கிய பூண்டு சரியாக வரும். புரட்டாசிக் கடைசியில் பிடுங்கியதை வாங்கினால் மண்ணுக்குள் போயும் தூங்கிக்கொண்டே இருக்கும், மழையில் அழுகும். அப்படியானால் வயலைப் பார்க்கப் போக வேண்டியது ஆனி மாதம். உயரத்தையும் மழையையும் பொறுத்து முன்பின் ஆகும், போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. பார்த்துப் பேசி முன்பணம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் சரக்கை உடனே இறக்கிக்கொண்டு வர வேண்டாம். தாளோடு கொத்தாகக் கட்டி அடுப்புப் புகை படும் பரணில் தொங்கவிடுவது மேல்மலை வழக்கம். ஐப்பசி வரை அங்கேயே தொங்கட்டும். அந்தக் குளிர் பூண்டுக்குள் ஏறும், நம் ஊர் வெக்கையில் வற்றாது. குளிர் பற்றாதவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் காய்கறி வைக்கும் தட்டில் ஐந்தாறு வாரம் வைத்து நடுகிறார்கள். வேலை செய்கிறது. அதற்கு மேல் நாளை நீட்டினால் ஒரு பல்லிலிருந்து நாலு முளை கிளம்பிப் பூண்டு கோணிக்கொள்ளும்.

வயலுக்குப் போக முடியாதவர்கள் சந்தையில்தான் வாங்க வேண்டும் என்றால், நான் செய்வதைச் சொல்கிறேன். எங்களுக்குப் பக்கத்தில் வடுகபட்டிச் சந்தை, பூண்டுக்கென்றே பேர் போனது. அங்கே தாளோடு கட்டிய கொத்து இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன். தாளோடு இருந்தால் மலையிலிருந்து நேராக இறங்கியது என்று ஓரளவு நம்பலாம். அடுத்து பூண்டைத் தலைகீழாகப் பிடித்து வேர் கிளம்பும் அடிப்பகுதியைப் பார்ப்பேன். காய்ந்த வேர்க்கொத்து இருக்க வேண்டும். வேரை ஒட்டச் சுரண்டி அடி மழமழவென்று வெள்ளையாக இருந்தால் கீழே வைத்துவிடுவேன். 2014 முதல் சீனப்பூண்டு இறக்குமதிக்குத் தடை, பூஞ்சைத் தொற்று அச்சம்தான் காரணம். இருந்தும் கள்ளத்தனமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. அது பெரும்பாலும் இப்படி அடி சுரண்டிய பூண்டுதான். அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துவேன். அமுங்கினால், வெள்ளையோ இளஞ்சிவப்போ பூஞ்சணம் தெரிந்தால் அந்த மூட்டையே வேண்டாம். ஒன்றுதானே அழுகியிருக்கிறது என்று பொறுக்கி எடுக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு பூண்டை வாங்கிப் பல்லை நீளவாட்டில் பிளந்து பார்ப்பேன். நடுவில் முளை தெரியும். அது பல்லின் நீளத்தில் பாதிக்கு மேல், முக்கால்வாசி எட்டியிருந்தால் பூண்டு விழித்துவிட்டது, ஊன்றலாம். அடியில் அரிசி முனை அளவுக்குத்தான் இருக்கிறது என்றால் இன்னும் தூக்கம்தான். கடைக்காரர் முறைப்பார். காசு கொடுத்த பூண்டு, நாம் பிளந்தால் என்ன, வாயில் போட்டால் என்ன!

அழுகலைப் பற்றி நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் வெள்ளை அழுகல். குளிர்ந்த மண்ணில் வரும் பூஞ்சை நோய் இது. பூண்டின் அடியில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்து, அதில் கடுகைவிடச் சின்னதாகக் கருமணிகள் உருவாகும். அந்த மணிகள் பயிரே இல்லாமல் 20 வருஷம் வரைகூட மண்ணில் உயிரோடு கிடக்கும். பூண்டு, வெங்காய வேரின் வாசனை பட்டால்தான் முளைக்கும். ஒரு வருஷம் விட்டுவிட்டு அடுத்த வருஷம் போட்டால் சரியாகிவிடும் என்ற கதையெல்லாம் இதனிடம் எடுபடாது. சமவெளிச் சூட்டில் அவ்வளவாகத் தலைதூக்காது. மலையிலும் அடிவாரத்தின் குளிர்ந்த பகுதியிலும் இருப்பவர்களுக்கு ஒரு கை விதையோடு வந்த இந்த மணி, பிள்ளை தலையெடுக்கும் காலம் வரை அந்தப் பாத்தியில் வெங்காயக் குடும்பத்தையே நட முடியாமல் செய்துவிடும். மலை உழவர்கள் முகம் தெரியாதவர்களிடம் விதை வாங்கத் தயங்குவது கஞ்சத்தனம் அல்ல. நாமும் அவர்கள் வயலுக்குப் போகும்போது செருப்பைக் கழுவிவிட்டு இறங்குவது மரியாதை.

அளவு, செலவு விஷயத்துக்கு வருவோம். வரிசைக்கு 15 செ.மீ., செடிக்கு 10 செ.மீ. என்று ஊன்றினால் ஒரு சதுர மீட்டருக்கு 65 பல் போல ஆகும். பல்லின் பருமனைப் பொறுத்து 150 முதல் 250 கிராம் வரை பிடிக்கும். வீட்டுக்குப் பத்து சதுர மீட்டர் போட்டால் இரண்டு கிலோ போதும். ஏக்கர் கணக்கில் போடுகிறவர்களுக்கு 200 கிலோவுக்குக் குறையாது. 2024 தொடக்கத்தில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அந்த விலையில் ஏக்கருக்கு விதை மட்டும் 80,000 ரூபாய். விதையை வெளியே வாங்கியே தீர வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் அந்த வருஷம் என்ன செய்திருப்பார்? வீட்டுத் தோட்டமானாலும் வயலானாலும் விதைப்பூண்டு வாங்குவது ஒரே ஒரு முறைதான் என்று நினைத்து வாங்குங்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் உதகையிலும் கொடைக்கானலிலும் இருக்கின்றன. ஊட்டி 1 என்ற ரகம் உதகை நிலையம் தேர்ந்தெடுத்துத் தந்தது. நோய் பார்த்து வளர்த்த விதை வேண்டுமென்றால் பட்டத்துக்கு முன்பே எழுதிக் கேட்டு வைக்கலாம். இணைய அங்காடிகளில் 'விதைப்பூண்டு' என்று படம் போட்டு விற்பதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. நூறு கிராமுக்குச் சந்தை விலையைப் போல நாலு மடங்கு வாங்குகிறார்கள், எந்த ஊர் வயல் என்று கேட்டால் பதில் இல்லை.

ஒரு முறை நல்ல விதை வந்துவிட்டால் அடுத்த வருஷ விதை நம் பாத்தியிலேயே நிற்கிறது. தாள் நுனி பழுக்கத் தொடங்குவதற்கு முன்பு பாத்தியைச் சுற்றி வாருங்கள். கோடு விழாத, தண்டு தடித்த, பக்கத்துச் செடியை ஒரு விரல் மிஞ்சி நிற்கும் செடிகளில் சிவப்பு நூல் கட்டுங்கள். ஒரு பூண்டில் ஊன்றத் தகுந்த பல் பத்து இருந்தால் பத்தில் ஒரு செடிக்கு நூல் கட்டினால் போதும். இழப்புக்கு இடம் விட்டு எட்டுக்கு ஒன்று என்று நான் கட்டுகிறேன். அவற்றைத் தனியாகப் பிடுங்கித் தாளோடு நிழலில் உலர்த்திக் கட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் 'சிவப்பு நூல் பூண்டைத் தொட்டா அப்பா கத்துவாரு' என்பது பிள்ளைகளுக்கும் தெரியும்.

சமவெளியில் மூன்று நாலு பட்டத்துக்கு மேல் இப்படி ஓட்டினால் பூண்டு சிறுத்துக்கொண்டே போகிறது. அதற்கு என் ஏற்பாடு, மேல்மலையில் ஒரு குடும்பத்தோடு பண்டமாற்று. அவர்களுக்கு நான் அரிசியும் நாட்டுப் பருப்பும் கொண்டு போகிறேன், அவர்கள் பரணிலிருந்து இரண்டு கொத்துப் பூண்டை அவிழ்த்துத் தருகிறார்கள். பக்கத்து ஊர் உழவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஆனியில் ஒருவர் வயலைப் பார்க்கவும் ஐப்பசியில் ஒருவர் சரக்கை இறக்கவும் என்று முறை வைத்துக்கொண்டால் பேருந்துச் செலவும் பிரிந்துவிடும்.

கொண்டுவந்த பூண்டை ஊன்றுவதற்கு முதல் நாள்தான் பல் பிரிக்க வேண்டும். தோலை உரிக்க வேண்டாம். வெளிவட்டத்துப் பெரிய பல் பூண்டுக்கு, உள்ளே இருக்கும் குச்சிப் பல் தாளுக்குத் தனித் தொட்டியில். பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மி.லி. கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, நிழலில் ஈரம் உலரவிட்டு, முனை மேலே பார்க்க ஊன்றுங்கள். வடகிழக்கு மழை பலமாக இருக்கும் ஊராக இருந்தால் பாத்தியை ஒரு சாண் உயர்த்திக்குங்க, இல்லாவிட்டால் கார்த்திகை முதல் வாரம் வரை பொறுத்து ஊன்றலாம்.