நிழலுக்கு ஏற்ற விளக்கு

நுழையும்முன்

அரங்கில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை விளக்கே தீர்மானிக்கிறது. விலை மிகுந்த கருவிகள் இல்லாமலே அதைத் திறம்படச் செய்து காட்டிய கலை பாவைக்கூத்து. அதன் ஒளியமைப்பையும், குறைந்த செலவில் அதனைத் திட்டமிடும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அரங்கும் விளக்கும்

அரங்க ஒளியமைப்புப் பற்றிய சிந்தனை தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அளவுகளைக் கூறுவதோடு விளக்கு வைத்த முறையையும் கூறுகிறது. தூண்களின் நிழல் புறத்தே விழுமாறு விளக்கு அமைக்கப்பட்டது என்கிறார் இளங்கோவடிகள். விளக்கின் எண்ணிக்கையைவிட அதனை வைக்கும் இடமே முதன்மையானது என்னும் நெறி இதில் அடங்கியுள்ளது. பொருள்வளம் குறைந்த குழுவிற்கு இன்றும் துணைநிற்பது இந்நெறியே.

இருவகைப் பாவைகள்

தமிழகத்துப் பாவைக் கலைகளுள் பொம்மலாட்டமும் தோற்பாவைக்கூத்தும் குறிப்பிடத்தக்கவை. கயிற்றால் இயங்கும் மரப்பாவையைத் திருவள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தில் உவமையாக்கியுள்ளார். பொம்மலாட்டத்தில் பாவையே காட்சிப்பொருள். எனவே ஒளி முன்புறத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ பாவையின் மீது விழவேண்டும். பின்னணியில் கருந்துணி கட்டி, பின்திரையில் ஒளி படியாதவாறு விளக்கைத் திருப்பினால் கயிறுகள் கண்ணுக்கு எளிதில் புலப்படா.

தோற்பாவைக்கூத்தின் இயல்பு வேறு. பதப்படுத்திய ஆட்டுத்தோலில் உருவம் வரைந்து, துளையிட்டு, வண்ணம் தீட்டிய பாவைகளை வெண்திரையின் பின்னே வைத்து இயக்குவர். தோல் ஒளியை ஓரளவு ஊடுருவ விடுவதால், திரையில் கருநிழலுக்கு மாறாக வண்ண உருவமே தோன்றும். விளக்கு திரைக்கும் கலைஞருக்கும் இடையே, தலைக்கு மேலாகத் தொங்கும். இதனால் கலைஞரின் நிழல் திரையில் விழாது. ஒருவரே பல பாவைகளை இயக்கிப் பல குரல்களில் பேசும் இக்கலையில், எண்ணெய் விளக்கு, பெட்ரோமாக்ஸ் விளக்கு, மின்விளக்கு எனக் காலந்தோறும் ஒளி மாறி வந்துள்ளது.

நிழலின் கணக்கு

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில், திறந்த திடலில் தோற்பாவைக்கூத்து நிகழ்த்தத் திட்டமிடுவதாகக் கொள்வோம். பட்டுக்குப் புகழ்பெற்ற வட்டாரமே ஆயினும் திரைக்குப் பட்டு வேண்டா. சுருக்கமின்றி இழுத்துக் கட்டிய வெண்பருத்தி வேட்டியே போதும்.

விளக்கைத் திரையிலிருந்து 120 செ.மீ. தொலைவில் வைப்போம். பாவை திரையை ஒட்டியிருந்தால் உருவம் ஏறத்தாழ அதே அளவில் தெளிவாகத் தோன்றும். திரைக்கும் விளக்கிற்கும் நடுவே, 60 செ.மீ. தொலைவிற்குப் பாவையை நகர்த்தினால் நிழல் இரு மடங்காகும். அரக்கன் பேருருவம் கொள்ளும் காட்சியைச் செலவின்றிக் காட்ட இதுவே வழி.

ஆயினும் பெரிதாகும் நிழல் மங்கவும் செய்யும். 6 செ.மீ. அகலமுள்ள குமிழ்விளக்கின் ஒளியில், திரையிலிருந்து 2 செ.மீ. தள்ளியிருக்கும் பாவையின் விளிம்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மட்டுமே மங்கும். அப்பாவையை நடுவிற்குக் கொண்டுவந்தால் விளிம்பு 6 செ.மீ. அளவிற்கு மங்கிவிடும். ஒளிமூலம் சிறிதாக இருந்தால் நிழல் கூர்மையாகும். நீண்ட குழல்விளக்கு இதற்குப் பொருந்தாமைக்கு அதுவே காரணம்.

விளக்குகளைக் கூட்டுவதும் எப்போதும் பயன் தராது. திரையை விட்டு விலகிய பாவைக்கு ஒவ்வொரு விளக்கும் தனித்தனி நிழலை உண்டாக்கும். கேரளத்தில் கம்பராமாயணத்தை நிகழ்த்தும் தோல்பாவைக்கூத்தில் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றுவர். அங்குப் பாவைகளை முள்ளால் திரையோடு சேர்த்துக் குத்திவிடுவதால் நிழல்கள் சிதறுவதில்லை.

செலவும் பாதுகாப்பும்

விளக்கைத் திரைக்கு அருகே கொண்டுவந்தால் ஒளி மிகும். தொலைவு இரு மடங்கானால் திரையில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். மிக நெருங்கினாலோ நடுப்பகுதி மட்டும் பளிச்சிட்டு ஓரங்கள் இருண்டுவிடும். ஆகவே ஒத்திகையில் விளக்கை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்த பின்பே புதிய விளக்கு வாங்குவதைப் பற்றி எண்ண வேண்டும். திடலைச் சுற்றியுள்ள தேவையற்ற விளக்குகளை அணைக்க ஏற்பாடு செய்தால், சிறு விளக்கே போதுமானதாகிவிடும்.

பழைய 60 வாட் இழைவிளக்கு தரும் ஒளியை ஏறத்தாழ 9 வாட் எல்.இ.டி. விளக்கு தருகிறது. வெப்பமும் குறைவாதலால் தோல் சுருங்கும் அச்சம் குறைகிறது. மஞ்சள் சாயல் கொண்ட ஒளி எண்ணெய் விளக்கின் நிறத்தை நினைவூட்டும்.

12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் 84 வாட்-மணி ஆற்றலைத் தேக்கக்கூடியது. அதில் பாதியளவைக் கொண்டே, 12 வோல்ட்டில் எரியும் 9 வாட் விளக்கை நான்கு மணி நேரத்திற்கு மேல் எரியவிடலாம். இதனால் மின்னாக்கியின் வாடகை மிச்சமாகிறது; கலைஞரின் குரலை அதன் இரைச்சல் விழுங்குவதும் இல்லை. மின்கம்பியில் கொக்கி மாட்டி மின்சாரம் எடுக்கும் உயிர்க்கேடான, சட்டத்திற்குப் புறம்பான வழக்கத்திற்கும் இடமில்லாமற் போகிறது. மின்விளக்கு இன்றி எண்ணெய் விளக்கையே ஏற்றும்போது, திரைக்குப் போதிய இடைவெளி விட்டு, அருகில் மணல்வாளி வைத்தல் வேண்டும்.

ஓரிரவின் வருவாயில் பெரும்பகுதி விளக்கு வாடகைக்கே போனால், கலைஞரின் அடுப்பில் நெருப்பு எரிவதெங்ஙனம்? ஒளியின் இயல்பை அறிந்து செலவைக் குறைப்பது, கலைஞரை அக்கலையிலேயே நிலைக்கச் செய்யும் வழியாகும். ஒற்றை விளக்கைச் சரியான இடத்தில் வைத்துவிட்டால் போதும். வெண்திரையில் பாவை உயிர்பெற்று எழும்.